கெடா மணி

அடுப்பு மூட்டவே இல்லை. மனைவி ஹில்டா நவநாள் பூசைக்குப் போயிருந்தாள். ஆனால் ராயபுரத்துக் கருவாட்டு நாற்றத்தையும் துறைமுகத்து நிலக்கரிப் புகையையும் தள்ளிக்கொண்டு, கொல்லைப்புறத்திலிருந்து புதுச்சோறு கொதிக்கிற வாசனை மெல்ல மெல்ல வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. லியோனார்ட் தட்டச்சுப்பொறியிலிருந்து விரலை எடுத்தான்.

பழைய வேட்டைத் துப்பாக்கிகளையும் அவற்றின் சொந்தக்காரர்களையும் தேடித்தேடி எழுதுவது அவனுக்குப் பித்து. பரணில் கிடக்கும் தாத்தா அருள்நாதனின் இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கடைசியாக, பெருமையாக எழுத வைத்திருந்தான். நல்லமலைக் காட்டில் கெடாவைக் கட்டிப்போட்டு, மரத்தில் கட்டிய பரண்மேல் காத்திருந்து, ஒரே குண்டில் புலியைச் சாய்த்தார் என்பது வீட்டில் எல்லாரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை. அந்தக் கெடாவின் மணி கயிற்று வளையத்தோடு துப்பாக்கி வாரில் இன்னும் தொங்கியது.

அன்று காலை அந்த மணியை எடுத்துக்கொண்டு புளியந்தோப்புக்குப் போயிருந்தான். அந்த வேட்டையில் காடு கலைத்து மிருகங்களை விரட்டிக்கொடுத்தவரின் மகள் காத்தூன் பீவி அங்கேதான் இருந்தாள். அவள் வளையத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"கெடா கயுத்துக்கு இது பத்துமா நைனா? கொயந்தை காலுக்குத்தான் பத்தும். எங்கண்ணன் கால்ல கெடந்தது இது. ஆடு கெடைக்கலன்னு அவனக் கட்டிட்டானுங்கோ."

"தாத்தா புலியச் சுட்டாரே?"

"சுட்டாரு. அது அவன் மேல வாய் வெச்ச பிற்பாடு. அப்பத்தான் அசையாம நிக்குமாம்." அவள் அழவில்லை. "அவன் பேரு ஹுமாயூன். அத எயுது. எயுதலைன்னா அவனே வந்து கேப்பான்."

சரியென்று தலையாட்டிவிட்டு வந்தான். மணியைப் பழையபடி துப்பாக்கியில் மாட்டினான். சுவரில் தாத்தா படம். உண்மையை எழுதினால் குடும்ப மானம் சந்தி சிரிக்குமே என்று பயந்தான். 'கெடா' என்றே தட்டினான். தட்டி முடித்த கையோடு வந்ததுதான் இந்த வாசனை.

கரண்ட் போனது. துறைமுகச் சங்கு ஊதி ஓய்ந்தது.

மணி கேட்டது. பரணில் அல்ல. காலடியில்.

எழப் பார்த்தான். முடியவில்லை. கணுக்காலில் கயிறு. இழுத்தான். மணி குலுங்கியது. இன்னும் இழுத்தான். இன்னும் பலமாகக் குலுங்கியது. சட்டென்று அசையாமல் உட்கார்ந்தான்.

தாத்தா சொல்லியிருக்கிறார். புலி கிட்டே வந்தால் புதுச்சோறு வாசனை அடிக்கும்.

வாசனை இப்போது முதுகுக்குப் பின்னால். பிடரியில் சூடாக மூச்சு.

"ஹுமாயூன்," என்றான். "எழுதிடறேன்பா. உன் பேர எழுதிடறேன். அதச் சுட்டுடு."

பரண்மேல் துப்பாக்கியின் குதிரையை இழுக்கிற சத்தம். இருட்டிலிருந்து இரண்டு குழல்கள் நீண்டன. பிடித்திருந்தது ஒரு சின்னக் கை.

"இரு," என்றது ஒரு பிள்ளைக் குரல், பொறுமையாக. "வாய் வெக்கட்டும்."