ரத்தக்கட்டு

தலைக்கு எண்ணெய் வைக்கக் கையைத் தூக்கியபோதுதான் கோமளம் அதைப் பார்த்தாள். இடது மேற்கையின் உட்புறம், ரவிக்கை முடிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, நாவல்பழத்தை நசுக்கித் தேய்த்தது போலக் கருநீலமாக ரத்தம் கட்டியிருந்தது. வலி இல்லை. எங்கும் இடித்துக்கொண்ட நினைவும் இல்லை.

மருமகள் பார்கவி எட்டிப் பார்த்தாள். "மாத்திரையாலதான் அத்தே. ரத்தம் உறையக் கூடாதுன்னுதானே குடுக்கறாங்க? லேசா பட்டாலே இப்படி ஆகும்னு டாக்டர் சொன்னாரே."

உண்மைதான். பைபாஸ் முடிந்து லிங்கராஜபுரம் வீட்டுக்குத் திரும்பி ஒரு மாதம் ஆகியிருந்தது. காலிலிருந்து எடுத்த ரத்தக்குழாயை இதயத்தில் வைத்துத் தைத்திருந்தார்கள். அது அடைத்துக்கொள்ளாமலிருக்க ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும். ஒரு வேளைகூட விடக்கூடாது என்றிருந்தார் டாக்டர். பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வந்தது. ஆனால், லேசாகப் படுவதற்கு யார் இருக்கிறார்கள்? மகன் கிரணும் பார்கவியும் காலையில் ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டால் சாயங்காலம்வரை அவளைத் தொட ஆளில்லை. கிளம்புவதற்கு முன்னும் இல்லை.

அடுத்த வாரம் தோளில் வந்தது. பிறகு இடுப்பில்.

ஒரு மத்தியானம், மாடி வீட்டுக் குக்கர் அடங்கி, பக்கத்து வீட்டு ரேடியோவில் கன்னடப் பாட்டும் நின்று, தண்டவாளத்துப் பக்கமிருந்து வந்த ரயில் சத்தம் ஜன்னல் கண்ணாடியில் அதிர்ந்து தேய்ந்த பிறகு, மூடிய அறைக்குள் ஒரு வாசனை மெல்லப் பரவுவதை அவள் உணர்ந்தாள். சூடான இரும்பும் லேத் ஆயிலும் கலந்த வாசனை. தோள் கனத்தது. எழுந்து கண்ணாடி முன் நின்று முந்தானையை விலக்கினாள். நான்கு விரல்கள். நடுவிரல் மட்டும் பாதி.

அவள் புருஷன் ஆதிகேசவனின் நடுவிரலை ஃபேக்டரி லேத் கடித்துத் துப்பியிருந்தது. அவர் செத்து ஐந்து வருஷமாகிறது.

உயிரோடு இருந்தவரை அவர் தடம் விழாமல் அடிக்கத் தெரிந்தவர். ஈரத்துண்டைக் கையில் சுற்றிக்கொள்வார். கோமளம் அழுதுகொண்டே தன் அக்கா சொர்ணத்திடம் ஓடியபோது, "எங்க, காட்டு" என்றாள் அவள். காட்ட ஒன்றும் இருக்கவில்லை. "ஒண்ணுமே இல்லியே, என்னாத்துக்கு அழுவுற?"

இப்போது உடம்பெங்கும் இருந்தது. டாக்டர் பார்த்துச் சிரித்தார். கிரணிடம் காட்டினாள். அவன் அந்தப் பாதி விரலையே வெகுநேரம் பார்த்தான். பிறகு முந்தானையை இழுத்து மூடிவிட்டான்.

"டேப்லெட்தான்மா." அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து மாத்திரைகளை நாக்கடியில் ஒதுக்கி, பாத்ரூமில் துப்பினாள். அடைத்தால் அடைக்கட்டும். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, இரண்டு வாரத்தில் தோல் வெளுத்துவிட்டது. புதிதாக எதுவும் வரவில்லை. பல வாரங்களுக்குப் பிறகு அவள் மத்தியானத்தில் தூங்கினாள்.

அப்புறம் ஒரு நாள், பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது, அதே வாசனை.

பின்னங்கழுத்தைப் பிடித்தது. அழுத்தியது. தலை தட்டை நோக்கிக் குனிந்தது. கத்தி கையிலிருந்து நழுவியது. மூச்சு வரவில்லை.

விட்டது.

கண்ணாடிக்கு ஓடினாள். கழுத்தில் ஒன்றுமில்லை. சுத்தமான தோல்.

அது போகவே இல்லை. இத்தனை நாளும் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது, தூக்கத்திலும். மாத்திரை அதைக் கூட்டி வரவில்லை. காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான். அவளுக்காக யாரும் சொல்லாத சாட்சியை அந்த மாத்திரை ஒன்றுதான் சொல்லியிருந்தது.

அன்று ராத்திரியே மாத்திரைகளை விழுங்கத் தொடங்கினாள்.

இரண்டு ஞாயிறு கழிந்தது. பார்கவி ஹெப்பகோடியிலுள்ள அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். சாப்பிட்டு முடித்து கிரண் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். வெயில் தரையில் சதுரமாக விழுந்திருந்தது. வாசனை வந்தது. கிரணின் மூக்கு சுருங்குவதை அவள் பார்த்தாள்.

எதிரே போய் உட்கார்ந்து கையை நீட்டினாள். "பாருடா. இப்பப் பாரு."

முதலில் தோல் குழிந்து வெளுத்தது. பிறகு கருஞ்சிவப்பாக ஊறியது. சுண்டுவிரல். மோதிரவிரல். பாதி விரல். ஆள்காட்டி விரல். கட்டைவிரல் மறுபக்கத்தில் அழுந்தியது.

பேப்பர் சரிந்தது. கிரண் பின்னாலேயே நகர்ந்து சுவரில் முட்டி நின்றான். இரண்டு கைகளும் தலையை மூடிக்கொண்டன.

"நான் யாருகிட்டயும் சொல்லலப்பா," என்றான். ஏழு வயதுக் குரல். "சத்தியமா சொல்லலப்பா."

கோமளத்தின் கை விடுபட்டது.

வாசனை அவளைக் கடந்து போனது.

கிரணின் தலை சுவரோடு நிமிர்ந்தது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. குதிகால்கள் தரையை விட்டு மெல்ல எழும்பின. பிறகு கால்விரல்களும்.

கிரண் எந்த மாத்திரையும் சாப்பிடுகிறவன் இல்லை. அவன் கழுத்தில் ஒரு தடமும் இல்லை.