வெள்ளம் வந்தாச்சு

யுவராணியின் அம்மாவுக்குத் தண்ணீர் என்றால் வெள்ளம்தான். அம்மா பிந்து பிறந்தது மலைக்கு மேலே, கட்டப்பனையில். கல்யாணமாகிக் கம்பத்துக்கு வந்தபிறகும் அந்த மலையாளச் சொல் மட்டும் நாக்கைவிட்டு இறங்கவில்லை.

தெருக்குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று குழாய்க்கே தெரியாது. குழாயை ஒட்டிய வீடு என்பதால், வந்ததும் அம்மா தெருவின் வாட்ஸப் குழுவில் குரல் பதிவு போட்டுவிடுவாள்.

"வெள்ளம் வந்தாச்சு! வேகம் ஓடி வாங்க! குடத்தை எடுத்துக்கோங்க, இப்ப நின்னுபோகும்!"

தெருவுக்கு அது பழகிப்போயிருந்தது. எதிர்வீட்டு நாகராஜ் மாமாதான் எதையும் முழுசாகக் கேட்காத ஆள். காலையில் ரோஜாப்பூவோடு வணக்கம், மதியம் மூலிகை வைத்தியம், சாயங்காலம் 'உடனே பகிரவும்'. அவர் கட்டைவிரலுக்கு ஓய்வே கிடையாது.

அன்றைக்கு மலையில் மழை. பஸ்ஸில் இருந்த மாமா அம்மாவின் பதிவில் முதல் இரண்டு சொற்களைத்தான் கேட்டார். 'ஆற்றில் வெள்ளம்! அனைவருக்கும் பகிரவும்!' என்று எழுதி, அந்தக் குரல் பதிவையும் சேர்த்து இருக்கிற குழுவுக்கெல்லாம் தட்டிவிட்டார்.

ஆற்றங்கரைத் தெருவே பதறியது. டிவியை மாடிக்கு ஏற்றினார்கள். ஆடுகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டினார்கள். ஆறு வழக்கம்போல ஓடியது. கோபம்தான் கரையை உடைத்தது. யாருடைய குரல் என்று தேடிப்பிடித்தார்கள். வந்த வசவுகளைத் தாங்காமல் அம்மா போனையே அணைத்துவிட்டாள்.

"அந்தா போறா பாரு, வெள்ளக்காரி!" என்றது தெரு. பள்ளியில் யுவராணிக்கும் அதே பெயர்.

அம்மா பேசுவதையே நிறுத்திக்கொண்டாள். கடையில்கூட விரலை நீட்டித்தான் சாமான் வாங்கினாள். ஒருநாள் மட்டும் கேட்டாள்: "பேசாம ஊருக்கே போயிரலாமா மோளே?"

யுவராணி நேராக எதிர்வீட்டுக்குப் போனாள்.

"மாமா, அம்மா சொன்னதைக் கடைசிவரைக்கும் கேட்டீகளா?"

"அதை அப்பவே அழிச்சிட்டேன் ஆத்தா."

"உங்க போன்ல அழிஞ்சிருச்சு. ஊர்ல அழியலையே. தப்பா அனுப்பிட்டேன்னு ஒரு வார்த்தை போடுங்க மாமா."

"போட்டா என் மரியாதை என்னாகுறது? நல்லதுக்குத்தான அனுப்புனேன்!"

கதவு மூடிக்கொண்டது.

அடுத்தமுறை தண்ணீர் வந்தபோது அம்மா சத்தமில்லாமல் தன் குடத்தை நிரப்பினாள். யாரிடமும் சொல்லவில்லை. 'நல்லா வேணும்' என்றுதான் யுவராணிக்கும் முதலில் தோன்றியது. ஆனால் பக்கத்து வீட்டு உமாதேவி கைக்குழந்தைக்காரி. வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மனசு கேட்கவில்லை. ஓடிப்போய் அவள் கதவைத் தட்டினாள். பிறகு எல்லாக் கதவையும் தட்டினாள். நாகராஜ் மாமா வீட்டுக் கதவைக் கொஞ்சம் பலமாகவே தட்டினாள்.

குழாயடி நிறைந்தது.

"உங்கம்மா ஏன் இன்னைக்குச் சொல்லல?" என்றாள் உமாதேவி.

யுவராணி அம்மாவின் போனை எடுத்துவந்து, பழைய பதிவைச் சத்தமாக ஓடவிட்டாள். 'குடத்தை எடுத்துக்கோங்க' என்ற இடம் வந்ததும் நிறுத்தினாள்.

"ஆத்துல வெள்ளம் வந்தா, குடத்தோட ஓடி வரச் சொல்லுவாகளா மாமா?"

உமாதேவி பொங்கிச் சிரித்தாள். "ஏண்ணே, ஆத்து வெள்ளத்தைக் குடத்துலயா பிடிப்பாக?"

எல்லாக் கண்ணும் மாமாவின் மேல். வேறு வழியில்லாமல் போனை வாயருகே கொண்டுபோனார். "பிந்து தங்கச்சி குழாய்த் தண்ணியத்தான் சொல்லுச்சு. நான் முழுசாக் கேக்காம அனுப்பிட்டேன். தப்பு என்னோடது."

எல்லாக் குழுவுக்கும் அது போய்ச் சேரும்வரை யுவராணி பக்கத்திலேயே நின்றாள்.

சாயங்காலம் பதில்கள் வந்தன. ஒரு ரோஜாப்பூ. நாலைந்து கும்பிடும் கைகள். 'அப்ப வெள்ளம் எப்ப வருது?' என்று ஒருவர். திட்டியவர்களில் ஒருவர்கூட மன்னிப்புக் கேட்கவில்லை. யுவராணி பல்லைக் கடித்தாள்.

அம்மா போனை வாங்கி, மாமாவின் பதிவைக் கடைசிச் சொல்வரை கேட்டாள். இன்னொரு தடவையும் கேட்டாள். பிறகு தெருக்குழுவைவிட்டு வெளியேறினாள்.

அப்போது பக்கத்து வீட்டில் குழந்தை அழுதது. அம்மா ஜன்னலைத் திறந்து, தெருவே கேட்கும்படி கத்தினாள்: "உமா! குட்டி கரையுதே! இங்கன தூக்கிட்டு வா!"

அவள் ஊரில் அழுவதைக் கரைவது என்பார்கள்.

"எம் புள்ள என்ன சீனிக்கட்டியாக்கா, கரையுறதுக்கு?" என்று சிரித்துக்கொண்டே தூக்கி வந்தாள் உமாதேவி.