பெட்டிக்குள் ஒரு பொய்!

"அய்யோ... பொணம்! பொட்டிக்குள்ள பொணம்!"

அம்ரீன் போட்ட அலறலில் சிதம்பரம் பாலகுமார் மியூசியமே ஆடிப்போனது.

இத்தாலி ஓவியங்களின் முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த கூட்டம் திபுதிபுவென்று ஓடி வந்தது. ஓலைச்சுவடி அறையும் காலியானது.

அம்ரீன் விரலை நீட்டினாள்.

எகிப்திலிருந்து வந்ததாக எழுதி வைத்திருந்த ஆளுயர மரச் சவப்பெட்டி. அதில் புத்தம்புதுப் பூட்டு!

அவள் சொன்னது பச்சைப் பொய்.

எந்தப் பிணத்தையும் அவள் பார்க்கவில்லை. ஆனால், வேறு வழி?

முந்தாநாள் மியூசியத்தில் முந்நூறு வருஷத்து மருத்துவச் சுவடி ஒன்று காணாமல் போனது. முதலாளி பாலகுமார் கை காட்டியது வாட்ச்மேன் ரஃபீக்கை. அம்ரீனின் கணவன்! ஸ்டேஷனில் இருக்கும் அவனை இன்று மத்தியானத்துக்குள் கடலூருக்குக் கொண்டுபோய் ஜெயிலில் தள்ளிவிடுவார்கள்.

நேற்று சாயங்காலம்தான் அந்த போன் வந்தது. பேசியவர் சுவடிகளைப் பராமரிக்கும் பழனிவேல்.

"தங்கச்சி, ரஃபீக் எடுக்கலம்மா. சுவடி வெளியவே போகல. வெளிநாட்டுக்காரனுக்கு விக்கறதுக்கு மொதலாளியே எகிப்து பொட்டிக்குள்ள..."

கட்!

அதற்கப்புறம் ஸ்விட்ச் ஆஃப்.

விடிந்ததும் ஸ்டேஷனுக்கு ஓடினாள். நடந்ததைச் சொன்னாள். காலில் விழுந்தாள்.

"புருஷனக் காப்பாத்த கத வுடுறியா? போம்மா!"

நேராக மியூசியம். டிக்கெட் வாங்கினாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

"பழனிவேலா? லீவு. பெங்களூரு போயிட்டாரு" என்றார்கள்.

மணி பதினொன்று.

அலறிவிட்டாள்!

இப்போது ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் இளவரசு இறங்கினார்.

"எங்கம்மா பொணம்?"

"இதுக்குள்ள சார்!"

பாலகுமாருக்கு ஏ.சி.யிலும் வேர்த்து வழிந்தது.

"சார், இவ அந்தத் திருடன் பொண்டாட்டி. டிராமா போடறா. அது ரொம்ப ரேர் பீஸு, காத்து பட்டாலே கெட்டுடும்!"

"சாவி?"

"அது... கடலூர் வீட்ல இருக்கு."

இளவரசு அவளிடம் திரும்பினார்.

"தொறந்து ஒண்ணும் இல்லேன்னா, பொய் கம்ப்ளெயிண்ட்டுக்கு நீயும் உள்ள போவணும். தெரியும்ல?"

அம்ரீன் பெட்டியைப் பார்த்தாள். சுவடியை ஏற்கனவே வேறு இடத்துக்கு மாற்றியிருந்தால்? புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருமே கம்பி எண்ண வேண்டியதுதான்.

யா அல்லா...

"தெரியும் சார். ஒடைங்க!"

கான்ஸ்டபிள் கடப்பாரையைச் செருகினார்.

டங்!

மூடி கிரீச்சிட்டுத் திறந்தது.

அம்ரீன் மறுபடி அலறினாள். இந்தத் தடவை நிஜமாக!

உள்ளே... பழனிவேல்!

கழுத்தை இறுக்கிய நைலான் கயிறு. பாதி திறந்த கண்கள். காலடியில் சிவப்புத் துணி சுற்றிய சுவடிக்கட்டு.

பாலகுமார் வாசலை நோக்கிப் பாய்ந்தார். இரண்டு பேர் அமுக்கிப் பிடித்தார்கள்.

"அவன் போன் பேசினத கேட்டுட்டேன் சார்... ஆத்திரத்துல... பொட்டியோட இன்னிக்கு லாரில ஏத்திடலாம்னு..."

அம்ரீன் தரையில் சரிந்தாள்.

"அண்ணே... எங்களுக்காகவாண்ணே..."

இளவரசு அவள் எதிரில் குனிந்தார். குரல் இறங்கியிருந்தது.

"ஏம்மா, பூட்டின பொட்டிக்குள்ள பொணம் இருக்கறது உனக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

"தெரியாது சார்! சுவடி இருக்குன்னு காலைல உண்மையச் சொன்னேன்... ஒருத்தரும் வரல. பொணம்னு பொய் சொன்னேன்... ஜீப்போட வந்துட்டீங்க!"

இளவரசு தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். போனை எடுத்தார்.

"கடலூர் கெளம்பின வண்டி எங்க போவுது? ஆலப்பாக்கமா? திருப்பு! ரஃபீக்க இங்க கொண்டா!"

ரைட்டர் பேனாவோடு வந்து நின்றார்.

"சார், எஃப்.ஐ.ஆர்ல என்னான்னு எழுதறது?"

"தகவல் பொய்... பொணம் நெஜம்னு எழுதுய்யா!"