இயல்வலி

தூத்துக்குடிக்குக் கிழக்கே, பழைய கரை நீருக்குள் போய்விட்ட இடத்தின் மேல், பாசிநகர் மிதந்துகொண்டிருந்தது. காலையில் அங்கே எல்லாமே மெல்ல அசையும். வீடுகள் அசையும், வீடுகளைக் கோத்திருக்கும் நடைபாலங்கள் அசையும், அடியில் ஏக்கர் கணக்கில் விரிந்த கடற்பாசித் தோட்டமும் அசையும். ஆறு மணிக்கு வேலையாட்கள் மேடையில் வரிசையாக நிற்க, மேற்பார்வையாளர் சூசைமிக்கேல் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் உள்ள உணர்பட்டையைத் தன் பட்டையால் தொட்டுக்கொண்டே வருவார். தொட்ட கணத்தில் எதிரே நிற்பவரின் வலி அவர் உடம்புக்குள் இறங்கும்.

"தோள்பட்டை பிசகியிருக்குய்யா உனக்கு. இன்னைக்கு இறங்காத, போய்ப் படு" என்பார் ஒருவரிடம். "சொத்தைப் பல்லை இன்னும் பிடுங்கலையா நீ?" என்று தன் தாடையைத் தடவிக்கொள்வார் இன்னொருவரிடம். வலியை வாயால் சொல்லி யாரையும் நம்பவைக்க வேண்டிய தேவை போய் எண்பது வருடம் ஆகியிருந்தது. மருத்துவர்கள் கூட முதலில் நோயாளியின் வலியை ஒரு நிமிடம் உணர வேண்டும், பிறகுதான் மருந்து எழுத வேண்டும் என்பது சட்டம்.

அன்று ஜெனிட்டா வாஸின் முறை வந்தபோது அவளால் நிற்கவே முடியவில்லை. இருபத்தேழு வயது. விடியும் முன்பே அடிவயிற்றில் தொடங்கியது இடுப்பைச் சுற்றி வந்து இடது தொடைக்குள் இறங்கியிருந்தது. சூசைமிக்கேல் பட்டையைத் தொட்டார். ஒருமுறை தொட்டவர் மறுபடியும் தொட்டுப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லையே தாயி. முகம் ஏன் இப்பிடி வெளுத்துக் கிடக்கு?"

அவள் பதின்மூன்று வயதிலிருந்து மாதாமாதம் கேட்டுவரும் சொல் அது. முகமூடியை மாட்டிக்கொண்டு நீருக்குள் இறங்கினாள்.

கீழே பச்சை வெளிச்சம். பாசிக் கொடிகள் நீண்ட கூந்தல்போல் ஒரே பக்கம் சாய்ந்து, பிறகு மறுபக்கம் சாய்ந்தன. அவள் உடலுக்குள்ளும் ஏதோ ஒன்று அதே தாளத்தில் இறுகித் தளர்ந்தது. தளர்ந்தபோது மீன்களைப் பார்த்தாள். இறுகியபோது ஒன்றும் தெரியவில்லை. ஒருமுறை இறுகியது, தளரவே இல்லை. கையிலிருந்த கயிறு நழுவுவதை வேறு யாருடைய கையிலிருந்தோ நழுவுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். வலிக்காத ஓர் இடத்தை நோக்கி மெதுவாக இறங்கிக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. அது சுகமாகக்கூட இருந்தது.

பக்கத்து வரிசையில் பாசி அறுத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் அவளை இழுத்து மேலே கொண்டுவந்தார்கள்.

அந்த வாரத்திலேயே மூன்று மருத்துவர்களைப் பார்த்தாள். மூவரும் பட்டையை இணைத்து, கண்ணை மூடி, ஒரு நிமிடம் இருந்தார்கள். மூவரும் கண்ணைத் திறந்து ஏறத்தாழ ஒன்றையே சொன்னார்கள்: "நானே உணர்ந்து பார்த்துட்டேன்மா. வலி எதுவும் இல்லை. மனசுக்கு ஓய்வு கொடுங்க."

வீட்டில் டெல்வின் வெந்நீர்ப் பை வைத்துக் கொடுத்தான். கல்யாணமான புதிதில் அவளுடைய வலியைத் தானும் வாங்கிக்கொள்ள வேண்டுமென்று ஆசையாகப் பட்டையை இணைத்தவன் அவன். எத்தனையோ முறை இணைத்தும் ஒன்றும் வரவில்லை. அதன் பிறகு அவளிடம் சண்டை போட்டதில்லை, ஏளனம் செய்ததுமில்லை. கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டான். ஜெனிட்டாவுக்கு வலியைவிட அந்த மௌனம்தான் பெரிதாக இருந்தது.

மேடைக்கு உணர்பட்டைகளைப் பழுதுபார்க்க வரும் ரஹ்மத் நிஷா அவளோடு பள்ளியில் படித்தவள். நீருக்குள் நடந்ததைக் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். ஜெனிட்டாவின் பட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நோண்டினாள்.

"பட்டையில கோளாறு இல்ல ஜெனி. உன் வலி எல்லாம் இதுல ஏறியிருக்கு. பாரு, மலை மாதிரி." சிறு திரையில் கோடு செங்குத்தாக எழுந்து நின்றது. "அடுத்தவங்க பட்டைக்குப் போறதுக்கு முன்னாடி கழிச்சிருது."

"எதைக் கழிக்குது?"

"இயல்வலின்னு ஒரு பட்டியல் இருக்கு. குழந்தைக்குப் பல் முளைக்கிறது, வளர்ற பிள்ளைக்குக் கால் குடையிறது, அப்புறம் இந்த மாதவிலக்கு வலி. முதமுதல்ல பட்டை செஞ்சப்ப, சோதனைக்கு வந்த பொம்பளைங்களுக்கு மாசா மாசம் அளவு எகிறியிருக்கு. என்னன்னு கேட்டதுக்கு, 'இது எப்பவும் உள்ளதுதான்'னு அவங்களே சொல்லியிருக்காங்க. சரி, இயல்புன்னு வடிகட்டிட்டாங்க."

ஜெனிட்டா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினான்கு வருடத்தில் முதல்முறையாகத் தன் வலியைக் கண்ணால் பார்க்கிறாள். டெல்வினும் கதவருகே நின்று பார்த்தான். அவன் முகம் மாறியது.

"வடிகட்டியை எடுக்க முடியாதா?" என்று கேட்டான்.

"ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தா ரெண்டு நிமிசத்துல எடுத்திருவேன். சட்டம் தடுக்கல. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல, அவ்வளவுதான்."

அடுத்த மாதம் வலி வந்த நாளிலேயே மருத்துவமனைக்குக் கிளம்பினார்கள். டெல்வின் படகை ஓட்ட, ஜெனிட்டா நிஷாவின் மடியில் சுருண்டு கிடந்தாள். மூடுபனியில் கரையும் தெரியவில்லை, கடலும் தெரியவில்லை. எங்கும் போகாமல் வெண்மைக்குள் தொங்கிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. மருத்துவமனையும் மிதவைதான். அங்கே டாக்டர் ஆவுடைச்செல்வி இருபத்திரண்டு வருடமாகப் பெண்களுக்கு வைத்தியம் பார்ப்பவர். வயது நாற்பத்தேழு. அதிகம் பேசாதவர் என்று பெயர்.

நிஷா சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "இயல்வலியை உணர்ந்து என்னம்மா தெரியப்போவுது? எல்லாருக்கும் உள்ளதுதான?" என்றார்.

"எல்லாருக்கும் இப்பிடியான்னு எனக்குத் தெரியாது டாக்டரம்மா" என்றாள் ஜெனிட்டா. பேச்சுக்கு நடுவே பல்லைக் கடித்து நிறுத்தித் தொடர்ந்தாள். "அதைத்தான் கேக்க வந்தேன். எல்லாருக்கும் இதுதான்னா சொல்லிருங்க, நான் பொறுத்துக்கிடுதேன். ஆனா உணர்ந்து பாத்துட்டுச் சொல்லுங்க."

டாக்டர் காகிதத்தை இழுத்து எழுதிக் கையெழுத்திட்டார்.

நிஷா வடிகட்டியை எடுத்தாள். டாக்டர் தன் பட்டையை ஜெனிட்டாவின் பட்டைமேல் வைத்துக் கண்ணை மூடினார். அறை லேசாக ஆடியது. சன்னலில் பனி கலைந்து, நீரின் ஒளி கூரையில் வளைந்து வளைந்து ஓடியது. ஜெனிட்டா டாக்டரின் முகத்தையே பார்த்தாள். அலறுவார், துடிப்பார், குறைந்தது கையையாவது இழுத்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தாள். அந்த முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. நிமிடம் முடிந்தது. ஜெனிட்டாவின் கண்ணில் நீர் நிறைந்தது. இங்கேயும் ஒன்றும் இல்லை.

டாக்டர் கண்ணைத் திறக்காமலே கேட்டார். "ரெண்டாவது நாள்தான ரொம்ப? உக்காந்தா முதுகுக்குக் கீழ ஆணி அடிச்ச மாதிரி இருக்குமே. வெளிக்குப் போகப் பயமா இருக்கும்."

"ஆமா." ஜெனிட்டா திகைத்தாள். "ஒரு நிமிசத்துல அதெல்லாம் எப்பிடித் தெரிஞ்சுது?"

"ஒரு நிமிசம் இல்லம்மா. எனக்கு முப்பத்தஞ்சு வருசமாத் தெரியும்." அவர் கண்ணைத் திறந்தார். "எனக்கும் இதேதான். இம்மி மாறல. இவ்வளவுதான் எல்லாருக்கும் இருக்கும்னு நெனச்சிருந்தேன்."

டாக்டர் எழுந்து நிஷாவிடம் போனார். "நீ சொல்லு. உனக்கு எப்பிடி இருக்கும்?"

"ஒரு நாள் கொஞ்சம் வயித்த வலிக்கும். மாத்திரை போட்டாச் சரியாயிரும்" என்றாள் நிஷா, குற்றம் செய்தவள்போல்.

அதற்கு மேல் எல்லாம் வேகமாக நடந்தது. ஊடுருவிப் பார்க்கும் கருவியில் ஜெனிட்டாவின் வயிறு மங்கிய கடலடிபோல் தெரிந்தது. கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு வெளியே சினைப்பையிலும் குடலிலும் படர்ந்து, அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருந்தது. எண்டோமெட்ரியோசிஸ் என்று எழுதினார் டாக்டர். பழைய நோய், பழைய பெயர். சில மாதம் ஹார்மோன் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள்; பாதிதான் கேட்டது. பிறகு நுண்ணிய இயந்திரக் கைகள் செய்யும் நுண்கை அறுவையில் மூன்று சிறு துளை வழியாக அந்தத் திசுவை எடுத்தார்கள். திரும்ப வரலாம், கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று மறைக்காமல் சொன்னார் டாக்டர்.

அறுவைக்குப் பிறகு வந்த மூன்றாவது மாதம், உதிரம் கண்ட நாளில், ஜெனிட்டா காத்துக்கொண்டே இருந்தாள். காலை போயிற்று, மதியம் போயிற்று. மெல்லிய இழுப்பு ஒன்று வந்து நின்றது. டெல்வின் தயங்கித் தயங்கித் தன் பட்டையை நீட்டினான். அவள் பட்டையில் இப்போது வடிகட்டி இல்லை. அந்தச் சிறு வலி அவனுக்குள் போனதும் அவன் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். "இதுவே இப்பிடின்னா..." என்றான். அவள் அவன் தலையைக் கோதினாள்.

மறுவாரம் சோதனைக்குப் போனபோது டாக்டர் ஆவுடைச்செல்வி நோயாளிக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மதுரையிலிருந்து வந்த மருத்துவர் ஒருவர் அவருக்கு அதே அறுவையைச் செய்து நான்கு நாள் ஆகியிருந்தது. சுற்றிலும் மெத்தைமேல் பழைய நோயாளிப் பதிவேடுகள் குவிந்திருந்தன.

"படுத்திருக்க வேண்டிய நேரத்துல என்ன செய்யுதீங்க?" என்றாள் ஜெனிட்டா.

"இருபத்திரண்டு வருசத்துல எத்தனை பேருக்கு 'ஒண்ணுமில்ல, இயல்புதான்'னு நான் எழுதியிருக்கேன்னு தேடிக்கிட்டு இருக்கேன். இதுவரைக்கும் நானூத்திப் பதினேழு." அவர் கையிலிருந்த பதிவேட்டை மூடி வைத்தார். "சில பேரு இப்ப பாட்டியே ஆயிருப்பாங்க."

ஜெனிட்டா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் பதிவேட்டைப் பிரித்துப் பெயரையும் எண்ணையும் வாசித்தாள். டாக்டர் தொலைபேசியில் அந்த எண்ணைப் போட்டு இணைப்புக்காகக் காத்திருந்தார். மறுமுனையில் யாரோ ஒரு பெண் எடுத்து, யார் என்று கேட்டாள்.

"நான் டாக்டர் ஆவுடைச்செல்வி பேசுதேன்மா. பத்தொம்பது வருசத்துக்கு முன்னாடி வயித்து வலின்னு எங்கிட்ட வந்தீங்க. நான் ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டேன். இன்னும் வலிக்குதா?"

மறுமுனையில் அந்தப் பெண் அழத் தொடங்கினாள்.