காலருக்குள் இருந்த சத்தம்

மதியம் இரண்டு மணிக்கு, கிட்டார் பெட்டியும் மைக் ஸ்டாண்டுமாகத் தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றார் சுருதி. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. எந்த வீட்டுக்குப் போனாலும் வாசிக்கிறேன் என்று உட்கார்ந்து அரை மணி நேரம் தந்தியை முறுக்கிக்கொண்டிருப்பார் என்பதால், இது தெரு வைத்த பெயர்.

மனிதர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டுதான் நடப்பார். அந்த மாதம் அது இன்னும் ஓர் அங்குலம் உயர்ந்திருந்தது. அவர் இணையத்தில் ஏற்றிய ஒரு மெட்டைப் படக் கம்பெனி ஒன்று கேட்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சுத்தமாகப் பதிந்து, யார் போட்ட மெட்டு என்று எழுதி அனுப்ப வேண்டும். ஒரே ஒரு குறை சொன்னார்கள்: தந்தியை மீட்டும் பிளாஸ்டிக் வில்லையான பிக் படும்போதெல்லாம் 'டிக் டிக்' என்று கேட்கிறது, அது கூடாது.

அவர் வீட்டில் மிக்ஸி, குழாய், பக்கத்து வீட்டு நாய். தங்கை வீட்டிலோ பின்கட்டில் ஓர் அறை சும்மா பூட்டிக் கிடந்தது. போன வருஷம் மாரடைப்பில் போன அவள் கணவரின் தையல் அறை. சுவர் நெடுகத் துணிச் சுருள்கள், கைதட்டினாலும் எதிரொலிக்காது. தங்கை சாவியைக் கொடுத்தாள். கேட்டவுடன் கொடுத்துவிட்டாள் என்பதை நம் தெருவில் சிலர் அப்போதே கவனித்தோம்.

உள்ளே மிஷின் எண்ணெயும் சாக்குக்கட்டியும் கலந்த வாசனை. ஜன்னலைச் சாத்தியதும் பட்டப்பகலில் அறை இருண்டது. மூலையில் உறை போட்டு மூடிய தையல் மிஷின்.

முதல் தடவை வாசித்துக் கேட்டார். டிக் டிக்.

தடித்த பிக்கை வைத்துவிட்டு மெல்லியதை எடுத்தார். தந்தியில் தட்டையாகப் படாமல் சற்றுச் சாய்த்துப் பிடித்தார். கிட்டாரின் வாய்க்கு நேரே இருந்த மைக்கைக் கழுத்துப் பக்கம் ஒரு முழம் நகர்த்தினார். விவரம் தெரிந்தவர்கள் செய்வதெல்லாம் இதுதான். சத்தம் பாதியாகக் குறைய வேண்டும்.

கூடியது.

கடைசியில் பிக்கையே தூக்கிச் சட்டைப் பையில் போட்டார். நகத்தையும் ஒட்ட வெட்டிக்கொண்டு, வெறும் விரல் சதையால் பூப்போல வாசித்தார். பதிந்ததை ஓடவிட்டார்.

டிக். டிக். டிக்.

அவருக்குக் காது சூடானது. பயத்தால் அல்ல, இன்னும் பயம் வரவில்லை. அந்தச் சத்தத்தை அவருக்குத் தெரியும்.

தங்கை கணவரான அந்தத் தையல்காரர், பிக்கைக் காசு கொடுத்து வாங்கியதே இல்லை. சட்டைக் காலர் விறைப்பாக நிற்க உள்ளே செருகுவார்களே பிளாஸ்டிக் பட்டை, அதை முக்கோணமாக வெட்டி வாசிப்பார். மூன்று வருஷம் முன்பு மகள் பிறந்தநாளுக்கு, கூச்சத்தோடு, சொந்தமாகப் போட்ட மெட்டு என்று நாலு பேர் முன்னால் ஆரம்பித்தார். மூன்று அடி முடிந்திருக்கும். சுருதி போனில் பதிந்துகொண்டே சத்தமாகக் கேட்டார்:

"மாப்ளே, இது கிட்டாரா, தையல் மிஷினா?"

வீடே சிரித்தது. தையல்காரரும் சிரித்தார். சிரித்தபடியே கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு, எல்லாருக்கும் தண்ணீர் கொண்டுவரப் போனார். நாலாவது அடி வாசிக்கவே இல்லை. அப்புறம் மச்சான் முன்னால் கிட்டாரைத் தொடவும் இல்லை.

போனில் இருந்த அந்த மூன்று அடிதான், ஆள் போய் ஆறே மாதத்தில், சுருதியின் மெட்டாக இணையத்தில் ஏறியது.

ஒரு வழி பாக்கி இருந்தது. ஆளில்லாத அறையின் சத்தத்தை அரை நிமிஷம் பதிந்து கொடுத்தால், அதே ஜாதிச் சத்தத்தையெல்லாம் கம்ப்யூட்டர் பாட்டிலிருந்து கழித்துவிடும். பதிவைப் போட்டுவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார். நடையில் தங்கை நின்றிருந்தாள்.

"அண்ணா, இந்த மெட்டு அவர் வாசிப்பாரே, அது மாதிரியே இல்ல?"

"மெட்டுன்னா எல்லாம் ஒண்ணுபோலத்தாம்மா இருக்கும்," என்றார் சுவரைப் பார்த்து.

திரும்பப் போய், கழிக்கச் சொல்லிவிட்டு, ஸ்பீக்கரில் ஓடவிட்டார்.

கிட்டாரைக் காணோம்.

அவர் வாசித்த ஒரு ஸ்வரம் மிச்சமில்லை. டிக் டிக் மட்டும், தாளம் தப்பாமல். ஒன்றாவது அடி. இரண்டாவது. மூன்றாவது. பதிவு முடிந்து திரையில் கோடு நின்றது.

சத்தம் நிற்கவில்லை.

ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினார்.

நிற்கவில்லை.

உறைக்கு அடியில் மிஷின் இருந்த மூலையிலிருந்து அது நிதானமாக, யாரையும் தொந்தரவு செய்ய விரும்பாதது போல, முடிவை நோக்கிப் போயிற்று.

"நாலாவது அடி," என்றாள் தங்கை, கதவருகே இருந்து, மிக மெதுவாக. "எனக்கு மட்டும்தான் வாசிச்சுக் காட்டினார். உனக்கு எப்படிண்ணா தெரியும்?"

சுருதி பிடுங்கிய வயரைக் கையில் சுற்றிக்கொண்டார். "நாங்க ரெண்டு பேரும் சேந்து போட்டதும்மா."

அந்த நேரத்திலும் பாதிப் பொய்.

சத்தம் சட்டென்று நின்றது. அடுத்த டிக் அவர் கழுத்துக்குப் பக்கத்தில் கேட்டது, நூல் அறுபடுவது போல. குளிர்ந்த ஏதோ ஒன்று காலருக்குள் நுழைந்து, அளவெடுக்கிற மாதிரி நிதானமாக நகர்ந்தது.

"அவர் மெட்டு," என்றார். "முழுசும் அவரோடது. நான் எடுத்துக்கிட்டேன்."

தங்கை அழவுமில்லை, ஏசவுமில்லை. "தெரியும்ணா. இணையத்துல கேட்ட அன்னைக்கே தெரியும். நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

திட்டியிருந்தால் தேவலை. அவர் தலையைக் குனிந்தார். காலடியில் சாய்த்து வைத்திருந்த கிட்டாரில், தந்திகளுக்கு நடுவே, புதிதாக வெட்டிய வெள்ளை முக்கோணம் ஒன்று செருகியிருந்தது. கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். காலரின் ஒரு பக்கம் ஈரத் துணிபோலத் தொங்கியது.

வெள்ளிக்கிழமை மெட்டு தையல்காரர் பெயரில் போயிற்று. கம்பெனியும் ஏற்றுக்கொண்டது. அத்தோடு கணக்குத் தீர்ந்தது என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

சுருதி இப்போதெல்லாம் குனிந்தே நடக்கிறார். வெட்கம் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் போன வாரம் இஸ்திரிக்காரர் அவருடைய ஆறு சட்டைகளை, அதில் இரண்டு கடையில் வாங்கி இன்னும் போடாதவை, கையில் வைத்துக்கொண்டு அவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

"எல்லா காலர்லயும் பட்டையை உருவி எடுத்துட்டு, எடுத்த தடமே தெரியாம தைச்சிருக்காங்களே சார், யாரு உங்க டெய்லர்? ரொம்பக் கை சுத்தமான ஆளு."