கல்கண்டு சாட்சி

“அனந்த், டம்ளர் அடியில சர்க்கரை அப்படியே இருக்கு பாரு. ஸ்பூனால ஒரு சுத்து சுத்தினா கை தேஞ்சுடுமா?”

என் மனைவி ரோஹிணி என்னிடம் கடைசியாகச் சொன்னது இதுதான். லேபுக்குக் கிளம்பிவிட்டாள். எங்கள் பெஹாலா ஃப்ளாட்டின் கதவு சாத்திக்கொண்டது.

பதினொன்றரைக்கு போன் அலறியது!

“ஸார்... கார்டன் ரீச் லேப்லேர்ந்து நரேன். மேடம்... மேடம்...”

அழுதான். அவளுடைய அசிஸ்டென்ட்.

மருந்துக் கரைசலுக்குள் காதுக்கு எட்டாத ஒலியைச் செலுத்தி, மருந்தைப் படிகமாக்குவது அவள் வேலை. தினமும் சாப்பாட்டு மேஜையில் விளக்குவாள். தினமும் ‘ம்’ போடுவேன்.

லேப் தரை. வெள்ளைத் துணி. அதன் கீழே...

“அல்ட்ராசவுண்ட் மிஷின்ல ஷாக், ஸார்,” என்றார் மேனேஜர் சதீஷ். “அரை மணி நேரமா ஓடிட்டிருந்தது. ஈரக் கையோட தொட்டிருக்காங்க. விழுந்ததுல பின்மண்டைல அடி. அவங்க அஜாக்கிரதைன்னுதான் ரிப்போர்ட்ல எழுதணும்.”

அஜாக்கிரதை! ரோஹிணியா? கேஸ் ஸ்டவ்வை மூன்று தடவை பார்த்துவிட்டுப் படுப்பவள்!

முப்பது வருடம் க்ரைம் கதை படித்தவன் சும்மா இருப்பேனா?

விரலை நீட்டினேன்.

“இது கொலை! செஞ்சவன் நரேன்! கை நடுங்குது பாருங்கோ!”

“உங்களுக்கும்தான் நடுங்குது,” என்றார் விசாரிக்க வந்திருந்த போலீஸ் டெபுடி கமிஷனர் செல்வராஜ். மதுரைக்காரர். “உங்களையும் பிடிச்சு உள்ள வச்சிரவா சார்?”

தலையைத் திருப்பிக்கொண்டேன். மிஷினுக்கடியில் அவள் வைத்த மருந்துக் கரைசல் ஜாடி. அதற்குள்...

“கல்கண்டு!” என்றேன்.

“என்னது?”

“தினம் சொல்வா, ஸார். ஒலி ஓடினா மருந்து ரவை மாதிரி ஒரே சீரா இறங்கும். ஓடலேன்னா கண்டபடி கல்கண்டாட்டம் கட்டிக்கும். இது... கல்கண்டு!”

செல்வராஜ் மெல்லத் திரும்பினார்.

“மேனேஜர் சார்... அரை மணி நேரம் ஓடுச்சுன்னீங்களே? ஓடாத மிஷின் எப்படி ஷாக் அடிச்சுச்சு?”

சதீஷின் முகத்தில் ரத்தமில்லை!

சோதனையில் தேறாத மாத்திரைகளைத் தேறியதாகக் கையெழுத்துப் போடச் சொன்னாராம். மாட்டேன் என்றாளாம். தள்ளினாராம். மேஜை முனை.

ரிப்போர்ட்டிலிருந்து அந்த ‘அஜாக்கிரதை’ போயிற்று.

நரேனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“பரவால்ல ஸார். மேடம் சொல்லியிருக்காங்க. எந்தக் கதையிலயும் நீங்க கொலைகாரனைச் சரியாச் சொன்னதே இல்லியாம்.”

ஒரு வருடமாகிறது. அவள் சொன்ன பாடம் ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. டம்ளர் அடியில் சர்க்கரை மட்டும் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

கை தேயவே இல்லை.