அவர் நின்ற இடத்தில் சுவர்

“தம்பி! ஐயோ, தம்பி... ஓடி வாங்களேன்! படத்துல உங்களைக் காணோம்!”

பெரியவளின் கூச்சல் மாடியிலிருந்து கேட்டபோது சின்னவள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றிருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு மேலே ஓடினாள்.

மகளின் அறையில், கையில் துடைப்பத்தோடு பெரியவள் நின்றாள். சின்னவளுடைய கணவரின் அண்ணன் மனைவி. அண்ணன் இறந்த பிறகும் இந்த வீட்டிலேயே தம்பி தயவில் காலம் தள்ளுகிறவள். தம்பிக்கு ஒன்றென்றால் அவளுக்குத்தான் முதலில் பதறும்.

மேசைமேல் மகளின் லேப்டாப் திறந்திருந்தது. திரையில், போன வருடம் வெல்டிங் பட்டறையைப் பெரிதாக்கித் திறந்த அன்று எடுத்த குடும்பப் படம். பெரியவள் இருந்தாள், சின்னவள் இருந்தாள், மகள் இருந்தாள். நடுவில் புதுச் சட்டையோடு நெஞ்சை நிமிர்த்தி நின்ற மனிதரை மட்டும் காணவில்லை. அவர் நின்ற இடத்தில் பட்டறையின் சாம்பல் நிறச் சுவர்!

மகள் கிராஃபிக் டிசைன் படிக்கிறாள். படங்களைத் திருத்தும் மென்பொருளுக்கான வகுப்பில் இது கடைசிப் பயிற்சி. இன்று மதியத்துக்குள் அனுப்பியாக வேண்டும். “ஒரு பாடத்துல தோத்தாலும் படிப்பு அதோட சரி. மறுமாசமே கல்யாணம்” என்று அப்பா சேர்த்துவிட்ட அன்றே சொல்லிவிட்டார். இந்தப் படிப்புக்காக அவர் காலில் விழுந்தவள் சின்னவள். அவளுக்கு அந்த மென்பொருளில் ஒன்றும் விளங்காது. மகள் ராத்திரியெல்லாம் கண் விழித்துச் செய்தது இதுதான் என்று மட்டும் தெரியும்.

“அக்கா, எதுக்குக் கத்தறீங்க? அவ குளிச்சிட்டு வரட்டும், கேட்டுக்கலாம்...”

“என்னத்தைக் கேட்கறது? என் புருஷன் போனப்புறம்தான் படத்துல அவர் இடம் காலியாச்சு. உயிரோட இருக்கற மனுஷனை யாராவது இப்படிக் காலி பண்ணுவாங்களா?”

அதற்குள் அவர் வந்துவிட்டார். கீழே வாசல் கேட்டின் தாழ்ப்பாளைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தவர், சுத்தியலைக் கீழே வைக்காமலே வந்திருந்தார். திரையைப் பார்த்தார். முகம் கறுத்தது.

“நான் செத்துட்டேனா?”

அண்ணியையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கேட்கறேன்ல? என் காசுல படிச்சிக்கிட்டு, என் கூரைக்குக் கீழ உட்கார்ந்துகிட்டு, என்னையே வழிச்சுப் போட்டுட்டாளா? எங்கடி அவ?”

குளியலறைப் பக்கம் திரும்பினார். சின்னவள் குறுக்கே போய் விழுந்தாள். மகள் நிஜமாகவே அவரைப் படத்திலிருந்து எடுத்திருப்பாளோ... எடுத்திருந்தாலும் அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? அந்த நொடியில் தாயின் மனதில் இதெல்லாம் ஓடியது. வாயிலிருந்து வந்தது வேறு.

“அவ இல்லீங்க! நான்தான்... நான்தான் எடுக்கச் சொன்னேன்!”

முதல் அடியில் காது அடைத்தது. இரண்டாவதில் தலை கதவு நிலையில் மோதிப் புருவம் கிழிந்தது. முடியைப் பிடித்துத் தூக்கி மறுபடியும் மோதினார். ரத்தம் கண்ணில் இறங்கியது. “தம்பி, போதும் தம்பி...” என்றாள் பெரியவள்.

“நீ சொன்னியா? நான் இல்லாம உங்களுக்கு ஒரு படமா? இந்தப் பெட்டி இருந்தாத்தானேடி படம்!”

சுத்தியலை ஓங்கிக்கொண்டு மேசையை நோக்கிப் போனார். மகளின் ஒரு வருடப் படிப்பு அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருந்தது. சின்னவள் யோசிக்கவில்லை. பாய்ந்து லேப்டாப்பின் மேல் வலது கையை விரித்து வைத்தாள். அவர் பார்த்தார். விரல்களைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் அடித்தான்.

ஆம், அடித்தான். இதற்குமேல் அவனுக்கு மரியாதை எதற்கு?

எலும்பு நொறுங்கிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ஈரத்தலையோடு ஓடி வந்த மகளுக்கும் கேட்டது. அவள் அலறவில்லை. அம்மாவின் கையை மெதுவாக எடுத்துத் தன் துண்டில் சுற்றி, பெரியம்மாவிடம் கொடுத்தாள். பிறகு திரையைத் தன் பக்கம் திருப்பினாள். மூலையில் ஒரு விரிசல், அவ்வளவுதான்.

“அப்பா, இங்க பாருங்க. ஒவ்வொருத்தரையும் தனித்தனி அடுக்காப் பிரிச்சு, பின்னாடி மறைஞ்சிருக்கற சுவரை வரையணும். அதான் பயிற்சி. சுவரு சரியா வந்திருக்கான்னு பார்க்க உங்க அடுக்கை மறைச்சு வச்சிட்டுக் குளிக்கப் போனேன். பக்கத்துல சின்னதா கண்ணு மாதிரி இருக்கு பாருங்க. அதை அமுக்கினா மறையும், திரும்ப அமுக்கினா வரும்.”

அமுக்கினாள். புதுச் சட்டையோடு, நெஞ்சை நிமிர்த்தி, சிரித்தபடி அவன் வந்து நின்றான்.

அவன் கொஞ்ச நேரம் தன்னையே பார்த்தான். முகம் தெளிந்தது.

“அட... இவ்வளவுதானா? இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? இவ ஒருத்தி, நான்தான் சொன்னேன், நான்தான் சொன்னேன்னு வாயைக் குடுத்து வாங்கிக் கட்டிக்கிட்டா. சரி சரி, கையில ஐஸ் வைங்க.”

“இன்னொண்ணும் இருக்குப்பா. அதையும் பார்த்துட்டுப் போங்க.”

“வேண்டாம்டி...” என்றாள் சின்னவள். வலியில் மடங்கிக் கிடந்தவளுக்கு மகளின் விரல் எங்கே போகிறதென்று தெரிந்துவிட்டது. “வேண்டாம்டி, கண்ணு!”

மகள் இன்னொரு அடுக்கின் கண்ணை அமுக்கினாள். படத்தில் சின்னவளின் இடது கன்னம் கன்றிக் கறுத்தது. உதடு பிளந்தது. கண்ணுக்குக் கீழே வீங்கியது.

“பட்டறை திறக்கறதுக்கு முந்தின நாள் நீங்க அடிச்சது. அம்மா எடுக்கச் சொன்னது இதை மட்டும்தான். உங்களை இல்ல... எங்க வாத்தியார் பார்த்தா உங்களுக்கு அசிங்கமாம்!” மகளின் குரல் உடைந்தது. “இது மட்டுமா? வீட்ல எடுத்த ஒவ்வொரு படத்துலயும் நான்தான் துடைச்சேன். வகுப்புல எல்லாரும் என்கிட்டதான் வந்து கேட்பாங்க, தோலை மட்டும் எப்படி இவ்வளவு சுத்தமா சரி பண்றேன்னு. இந்த சாஃப்ட்வேர்ல நான் நல்லா கத்துக்கிட்டது இது ஒண்ணுதாம்ப்பா!”

“வாயை மூடுடி!” கை மறுபடியும் உயர்ந்தது.

உயர்ந்த கையைப் பிடித்தது பெரியவள். சுத்தியலைப் பிடுங்கி ஜன்னல் வழியாகத் தெருவில் எறிந்தாள்.

“அண்ணி! என் சோத்தைத் தின்னுட்டு என்னையே...”

“தின்னேன், தம்பி. அந்தச் சோத்துக்காகத்தான் இத்தனை வருஷம் பக்கத்து ரூம்ல காது கேட்காதவ மாதிரி படுத்துக் கிடந்தேன். இன்னிக்குக் கூப்பாடு போட்டு உங்களை இவ மேல ஏவி விட்டவளும் நான்தான்.” அவள் சின்னவளின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ரத்தம் வழியும் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். “பாவி நான்... நீ ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு சொன்னியே! கேட்டிருக்கக் கூடாதா நான்? என்னை மன்னிச்சிடுடி...”

“அக்கா...” சின்னவள் நல்ல கையால் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஒரே வீட்டில் வாழ வந்த அந்த இரண்டு பெண்களும் ஒருத்தியை ஒருத்தி அணைத்து அழுதது அதுதான் முதல் தடவை.

மூன்று பேரும் படியிறங்கினார்கள். பின்னாலேயே கூடம்வரை வந்த அவன் வழியை மறிக்கவில்லை. “எங்க போறீங்க? எப்ப வருவீங்க?” என்று மட்டும் கேட்டான். சின்னவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

மருத்துவமனையில் டாக்டர் வழக்கம்போலக் கேட்டார். “எப்படிம்மா அடிபட்டது?”

வழுக்கி விழுந்தேன், கதவு இடித்தது... வருடக்கணக்காகச் சொல்லிப் பழகிய பதில்கள் நாக்கின் நுனியில் வரிசையாக நின்றன.

“என் வீட்டுக்காரர் சுத்தியலால அடிச்சார்,” என்றாள் சின்னவள். “வேணும்னேதான் அடிச்சார். எழுதிக்குங்க.”

கட்டுப் போட்டு வெளியே வந்தபோது, பெஞ்சில் மகள் விரிசல் விழுந்த திரையோடு காத்திருந்தாள். பயிற்சியை அனுப்ப வேண்டிய நேரம் நெருங்கியிருந்தது.

“அம்மா... உன் முகத்துல இருக்கற காயத்தைத் திரும்ப மறைச்சிடறேன். ஒரு அமுக்குதான்.”

சின்னவள் படத்தைப் பார்த்தாள். கன்றிய கன்னம். பிளந்த உதடு. பக்கத்தில் அவன் சிரிப்பு.

“வேண்டாம்.”

“அப்ப அப்பாவை...? அவரை எடுத்துடட்டுமா?”

“நான் எப்பவும் யாரையும் எடுக்கச் சொன்னதில்லடி. உங்கப்பா சிரிச்சிக்கிட்டு நிக்கட்டும், நானும் பக்கத்துல இப்படியே நிக்கறேன்.” கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அன்னிக்கு எப்படி நின்னோமோ அப்படியே அனுப்பு.”